சவுக்காரமும் படிகாரமும்

கான்கிரீட்டின் கதை: பகுதி 14

கம்பி வலையின்மேல் சிமெண்டுக் காரையைப் பூசிப் பூந்தொட்டி செய்த ழோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் 1867ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்ற வரலாற்றையும், அந்தத் தொட்டியின் தத்துவம் ஒரு தலைமுறைக்குள் பாலமாகவும் தூணாகவும் மாடிக் கட்டடமாகவும் வளர்ந்த விதத்தையும் சென்ற பகுதிகளில் கண்டோம். மரம் உளுத்துப்போகும், இரும்பு துருவேறும், இயற்கைக் கல்லையோ மலையிலிருந்து வெட்டிச் சுமந்து வரவேண்டும்; மனிதன் தன் கையால் வார்த்தெடுத்த இந்தக் கல்லுக்கு மட்டும் அத்தகைய குறை ஒன்றும் இல்லை, ஒருமுறை வார்த்துவிட்டால் அது சாசுவதம் என்ற பூரிப்பு அந்தக் காலத்தில் கட்டட நிர்மாணத்தில் ஈடுபட்டிருந்தோரிடையே பரவலாக இருந்தது. அந்தப் பூரிப்பு அடங்கிய கதையே, கான்கிரீட்டின் மேனிக்கு எதைப் பூசினால் அது நீடித்து நிற்கும் என்று மனிதர் தேடி அலைந்த கதையுமாகும். இந்தப் பகுதியில் அதைச் சொல்ல முற்படுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். சிமெண்டுத் தூள் முழுவதும் தண்ணீரோடு ரசாயன முறையில் கலந்து இறுகுவதற்கு அதன் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தால் போதும். ஆனால் அந்த அளவோடு நிறுத்தினால் கலவை வறண்டு, கொத்தனாரின் கரண்டிக்கு இணங்காமல், கம்பிகளின் இடுக்கில் இறங்காமல் நின்றுவிடும் என்பதால், வேலை நடக்கவேண்டிய நிர்ப்பந்தத்தில் அதைப்போல இரு மடங்கு தண்ணீர் ஊற்றுவது எங்கும் உள்ள வழக்கமாயிற்று. மிகுதித் தண்ணீர் நாளடைவில் உலர்ந்து வெளியேறுகிறது. அது வெளியேறிய வழிகள் மட்டும் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைத் துளைகளாகக் கான்கிரீட்டின் உடம்பெங்கும் நின்றுவிடுகின்றன. தண்ணீர் போன பாதை தண்ணீர் திரும்பி வருவதற்கும் பாதை. மழையும், ஓதமும், உப்புக் காற்றும், காற்றில் கலந்த கரியமில வாயுவும் உள்ளே நுழைவது இந்தப் பாதைகளின் வழியாகத்தான்.

ஆகவே மேற்பூச்சைப் பற்றிய பிரயத்தனங்கள் எல்லாம் கடைசியில் ஒரே ஒரு கேள்வியில் வந்து முடிகின்றன. இந்தத் துளைகளை அடைத்துவிடுவதா, அல்லது துளைகளைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தண்ணீருக்கு மட்டும் அவற்றில் நுழைய மனம் வராமல் செய்வதா? கேள்வி எளிது. விடை கிடைக்க இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின.

ரோமாபுரிச் சிற்பியான வித்ருவியஸ், அகஸ்டஸ் சக்கரவர்த்திக்குச் சமர்ப்பித்த கட்டடக் கலை நூலின் ஏழாம் புத்தகத்தில், திறந்த வெளியில் மழையும் பனியும் படும்படி அமைக்கும் தளங்களைப் பற்றி மிகுந்த அக்கறையோடு எழுதியிருக்கிறார். மரப் பலகைகளை இரு அடுக்காகக் குறுக்கும் நெடுக்கும் பரப்ப வேண்டும். அதன்மேல் உடைகல்லையும் இடித்த ஓட்டுச் சில்லையும் சுண்ணாம்பில் குழைத்துக் கனமாகப் போட்டுக் கெட்டிக்க வேண்டும். தண்ணீர் தேங்காமல் ஓடும்படி பத்தடிக்கு இரண்டு விரற்கடை வாட்டம் கொடுக்க வேண்டும். இன்னும் பத்திரமாக இருக்க வேண்டுமானால், இரண்டடிச் சதுர ஓடுகளைப் பரப்பி, அவற்றின் சந்துகளை எண்ணெயில் பிசைந்த சுண்ணாம்பினால் நிரப்ப வேண்டும் என்கிறார். இவ்வளவும் செய்து முடித்த பிறகு அவர் சொல்லும் கடைசி வாக்கியத்தைத்தான் நான் பல முறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்: ஆண்டுதோறும் குளிர்காலம் தொடங்கும் முன்னர் அந்தத் தளத்துக்கு எண்ணெய்க் கசண்டை ஊறும்படி விட வேண்டும், அப்படிச் செய்தால் உறைபனி அதனுள் புகாது என்பது அதன் சாரம். ஒலிவப் பழத்தை ஆட்டி எடுத்த எண்ணெயின் அடியில் தங்கும் மண்டிதான் அந்தக் கசண்டு. செக்கடியில் வீணாகக் கிடந்த மண்டியை ஒரு கட்டடத்தின் ஆயுளுக்கு மருந்தாகக் கண்டவன் யாரோ, அவன் பெயர் வரலாற்றில் இல்லை. ஆனால் அவனுடைய உபாயத்தில் இரண்டு பெரிய உண்மைகள் அடங்கியிருந்தன: நீரோடு ஒட்டாத பொருளே நீரைத் தடுக்கும் என்பது ஒன்று, அந்தக் காப்பு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது உண்மையைக் கான்கிரீட் யுகம் நெடுங்காலம் மறந்திருந்தது.

நம் நாட்டுத் தளங்களை நினைக்காமல் இந்த இடத்தைக் கடக்க எனக்கு முடியவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு மெட்ராஸ் தளம் போட்டார்கள். செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பிவிட்டு, பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையகல மரக்கட்டைகளால் தாளம் தப்பாமல் நாள் முழுவதும் அடித்துக்கொண்டேயிருப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய பழுப்பு நிறத் தண்ணீரை ஒருத்தி மண் கலயத்திலிருந்து தெளித்துக்கொண்டே போவாள். முதல் நாள் கட்டை விழும்போது சொத்தென்று ஒரு சப்தம் கேட்கும். சில நாள் சென்றபின் அதே கட்டை எகிறிக் குதித்து, கணீரென்று ஒலிக்கும். அந்த ஒலியைக் காதில் வாங்கிய பிறகுதான் மேஸ்திரி, "போதும் தாயீ, இனிமே தட்டோடு பதிக்கலாம்" என்று சொல்லுவார். பின்னாளில் மரக் கட்டையும் செங்கல்லும் போய்க் கம்பி போட்ட கான்கிரீட் கூரை வந்தபோதும், நம் கொத்தனார்கள் இந்தச் சுண்ணாம்பு ஜல்லித் தளத்தைக் கைவிடாமல் அதைக் கான்கிரீட்டின் தலைமேலேயே தூக்கி வைத்து, அதற்கு மேல் தட்டோட்டையும் பதித்தார்கள். வெயிலில் கான்கிரீட் விரிந்து சுருங்கும் வேகத்தை அது தணித்தது. மழைநீரை வாட்டம் பார்த்து ஓட்டிவிட்டது. உள்ளே சிக்கிய ஈரம் வெயில் அடித்ததும் மேலே எழுந்து போகவும் இடம் கொடுத்தது. இந்தக் கடைசிக் குணத்தின் அருமை பின்னால் விளங்கும்.

இனி நியூயார்க் நகரத்துக்குப் போவோம். 1863ஆம் ஆண்டில், அந்த நகரத்துக்குக் குடிநீர் தரும் குரோட்டன் நீர்த்தேக்கத்தின் மதகு அறைகளில் செங்கற் சுவர் வழியே தண்ணீர் கசிந்தது. அதை நிறுத்த அங்கிருந்த பொறியாளர்கள் கையாண்ட வழிக்கு 'சில்வெஸ்டர் முறை' என்று பெயர். அதற்கு வேண்டிய சரக்கு இரண்டே இரண்டு: சவுக்காரமும் படிகாரமும். ஒரு காலன் தண்ணீருக்கு முக்கால் பவுண்டு சவுக்காரம் கரைத்து, அது கொதித்துக்கொண்டிருக்கும்போதே தட்டையான தூரிகையால் சுவரில் பூச வேண்டும். சுவர் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். பூசும்போது சுவரில் நுரை எழவே கூடாது. ஒரு நாள் முழுவதும் அதை ஆறவிட்டு, நான்கு காலன் தண்ணீருக்கு அரைப் பவுண்டு படிகாரம் கரைத்த நீரை அதன்மேல் பூச வேண்டும். மறுநாள் மீண்டும் சவுக்காரம். அதற்கு மறுநாள் படிகாரம். இப்படி மாற்றி மாற்றிப் பூசி வரக் கசிவு நின்றது என்ற செய்தி, 1870ஆம் ஆண்டில் அமெரிக்க சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தின் முன் படிக்கப்பட்ட ஒரு கட்டுரை மூலம் உலகுக்குத் தெரிந்தது.

அந்தச் சுவரினுள் நிகழ்ந்தது என்ன என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். சவுக்காரம் என்பது எண்ணெயிலும் கொழுப்பிலும் உள்ள அமிலம் காரத்தோடு சேர்ந்து உண்டாவது, தண்ணீரில் கரைவது. கொதிக்கும் நீரோடு அது செங்கல்லின் துளைகளுக்குள் வெகுதூரம் இறங்குகிறது. பின்னால் வரும் படிகாரத்திலுள்ள அலுமினியம் அந்தக் கொழுப்பமிலத்தைப் பற்றிக்கொள்ள, துளைக்குள்ளேயே 'அலுமினியச் சவுக்காரம்' என்ற புதிய பொருள் பிறக்கிறது. அதுவோ தண்ணீரில் கரையாதது. தண்ணீரைக் கண்டால் ஒட்டாமல் தள்ளுவது. கரையும் பொருளாக உள்ளே போய், கரையாப் பொருளாக அங்கேயே தங்கிவிடுகிற இந்த உபாயம் எவ்வளவு நயமானது! ரோமாபுரியின் எண்ணெய் மண்டியையே ரசாயனத்தின் உதவியால் சுவருக்குள் நிலைநிறுத்தினார்கள் என்று சொன்னால் மிகையாகாது. கான்கிரீட் பெருகிய பிறகு இந்த முறை அதற்கும் வந்தது. பூசியதோடு நில்லாமல், கலவையிலேயே சவுக்கார நீரையும் படிகாரத்தையும் சேர்த்துப் பார்த்தவர்களும் உண்டு. நூறாண்டுகள் கழித்துப் பெரிய ஆய்வுக்கூடங்களில் கண்டெடுக்கப்பட்ட சிறந்த மருந்துகள் எல்லாம் இதே பாதையில்தான் நடந்தன என்பதால், இந்த இரண்டு எளிய சரக்குகளின் பெயரையே இந்தப் பகுதிக்குத் தலைப்பாக வைத்தேன்.

அதே நூற்றாண்டில் ஜெர்மனியிலும் பிரான்சிலும் வேறொரு சிந்தனை வளர்ந்தது. மியூனிக் நகரத்து ரசாயன அறிஞர் யோஹான் நெபோமுக் ஃபூக்ஸ், மணலையும் காரத்தையும் சேர்த்து உருக்கித் தண்ணீரில் கரையக்கூடிய ஒருவகைக் கண்ணாடியை 1818ஆம் ஆண்டு வாக்கில் ஆக்கினார். 1823ஆம் ஆண்டில் அந்த ஊர் அரசவை நாடகசாலை தீக்கிரையாகிப் புதிதாகக் கட்டப்பட்டபோது, மரச் சாமான்களுக்கும் திரைகளுக்கும் தீக்காப்பாக இந்த நீர்க்கண்ணாடி பயன்பட்டது. லீல் நகரத்து ஃபிரெடெரிக் கூல்மன் அதைச் சுண்ணாம்புக் கல்லின்மேல் பிரயோகித்துப் பார்த்தார். நீர்க்கண்ணாடி கல்லிலுள்ள சுண்ணாம்போடு கூடி இறுகித் துளைகளில் கல்லாகவே உறைந்தது. 1883ஆம் ஆண்டில் கெஸ்லர் என்பவர் ஃபுளோசிலிகேட் உப்புக்களைக் கரைத்துப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். இவை எல்லாம் கான்கிரீட்டுக்கு வந்தபோது, தொழிற்சாலைத் தரைகளில் புழுதி எழாமல் மேற்பரப்பை வைரம் பாய்ந்ததுபோல் ஆக்கின. அந்த அளவில் இன்றும் அவற்றுக்கு மதிப்பு உண்டு. ஆனால் தண்ணீரையும் உப்பையும் தடுத்து நிறுத்துவதற்கு இவை போதவில்லை. துளையைக் குறுக்கலாம், முற்றும் அடைக்க முடியவில்லை. குறுகிய துளை தண்ணீரை இன்னும் பலமாக உறிஞ்சும் என்பது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் பார்த்திருக்கும் யாருக்கும் புரியும்.

இதற்கிடையே, சாசுவதம் என்று நம்பிய கட்டடங்களில் கம்பிகள் வெளியே தெரியத் தொடங்கின. காரணம் மெல்ல மெல்லத்தான் துலங்கியது. நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உள்ளது. அந்தக் காரத்தில் கிடக்கும் வரையில் இரும்புக் கம்பியின்மேல் மிக மெல்லிய ஒரு படலம் தானாகவே உண்டாகித் துருவிடாமல் அதைக் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு துளைகளின் வழியே நுழைந்து காரத்தைச் சிறிது சிறிதாக முறித்துக்கொண்டு உள்ளே முன்னேறுகிறது. அந்த முறிவின் எல்லை கம்பியைத் தொட்ட நாளில் படலம் கலைந்துவிடுகிறது. உப்பிலுள்ள குளோரைடோ காரம் முறியும்வரைகூடக் காத்திருப்பதில்லை. கம்பியை அடைந்ததும் படலத்தை ஊசிமுனை ஊசிமுனையாகத் துளைக்கிறது. பிறகு துரு. துரு தான் தோன்றிய இரும்பைப்போலப் பல மடங்கு இடம் கேட்பது. இடம் இல்லாத இடத்தில் அது கான்கிரீட்டையே உடைத்துத் தள்ளுகிறது. இதைக் கண்ணாரக் காண விரும்புகிறவர்கள், பழைய தூண் ஒன்றில் புதிதாக உடைத்த முகத்தின்மேல் பினாப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்க்கலாம். உட்பகுதி செம்பருத்திச் சாறு கொட்டியதுபோல் சிவந்துவிடும். வெளி ஓரத்தில் மட்டும் ஒரு விரற்கடையோ இரண்டு விரற்கடையோ நிறமே மாறாமல் சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பல் நிறப் பட்டைதான் காரத்தை இழந்த தோல். அதன் உள் எல்லைக்கும் கம்பிக்கும் இடையே எஞ்சியிருக்கும் தூரமே அந்தத் தூணின் மிச்ச ஆயுள்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவின் வட மாகாணங்களில், குளிர்காலத்திலும் நெடுஞ்சாலைகள் பனியின்றிக் கிடக்க வேண்டும் என்று கருதி உப்பைச் சாலைகளில் கொட்டும் பழக்கம் பெருகியது. பனி உருகியது, உருகிய உப்பு நீர் பாலத் தளங்களில் ஊறியது, இரவில் மீண்டும் உறைந்தது. தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமன் கூடும் என்பதால், பாலங்களின் மேல்தோல் செதிள் செதிளாக உரிந்தது. அப்போது அவர்கள் தேடிக் கண்ட மருந்து ஆளிவிதை எண்ணெய். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயோடு சம அளவு மண்ணெண்ணெய் போன்ற ஒரு கரைப்பானைக் கலந்து, உலர்ந்த தளத்தில் இரண்டு கை பூசினார்கள். லேடெக்ஸ் வர்ணங்கள் பரவியதால் வீட்டு வர்ணத்துக்கு ஆளிவிதை எண்ணெய் வாங்குவோர் குறைந்துபோய் ஆளிவிதை பயிரிட்ட குடியானவர்கள் திகைத்து நின்ற காலம் அது; பெனிசிலினைப் பெருமளவில் உற்பத்தி செய்ய வழி கண்ட இல்லினாய் மாகாணத்துப் பியோரியா நகர அரசாங்க ஆய்வுக்கூடமே, அந்த எண்ணெயைக் கான்கிரீட்டுக்கு ஏற்ற குழம்பாக்கும் ஆராய்ச்சியிலும் இறங்கியது. குளிர்காலத்துக்கு முன் எண்ணெய் பூசு என்று வித்ருவியஸ் எழுதிய ஒரு வரி, அதை ஒருகால் படித்தே இராத மனிதர்களால், மகா சமுத்திரத்துக்கு அப்பால், கார் ஓடும் பாலங்களின்மேல் அநுசரிக்கப்பட்டதை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. ரோமாபுரியில் ஆனதுபோலவே அங்கும் அந்தக் காப்பு சில ஆண்டுகளில் வெயிலுக்கும் தேய்மானத்துக்கும் இரையாயிற்று. மறுபடி மறுபடி பூச வேண்டியிருந்தது.

அடைத்தே தீருவது என்று புறப்பட்டவர்களுக்கு, இதே காலத்தில் எப்பாக்ஸி முதலிய பிசின்கள் கிடைத்தன. அதற்கு முன்பே அஸ்திவாரங்களுக்குத் தார் பூசுவது எங்கும் வழக்கம். கெட்டியாகப் படலம் கட்டி, ஒரு சொட்டும் நுழையவிடாத பூச்சு, அமிலம் சிந்தும் தொழிற்கூடங்களிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் இன்றியமையாதது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் நான்கு பக்கமும் வெயிலும் மழையும் படும் கட்டடத்தில் அது தரும் சங்கடத்தை என் வீட்டிலேயே அநுபவித்தேன். கடற்கரையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஓதம் காத்ததால், ஒரு சொட்டுத் தண்ணீரும் நுழையாது என்று சொல்லப்பட்ட தடித்த பூச்சு ஒன்றைச் சுற்றிலும் பூசச் செய்தேன். வெளிப்பார்வைக்குச் சுவர் பளபளவென்று பட்டுப்போல் இருந்தது. ஒரு ஐப்பசி மழை போய் வெயில் காய்ந்ததும், வேர்க்குரு அளவில் தொடங்கி நெல்லிக்காய் அளவு வரையில் கொப்புளங்கள் கிளம்பின. ஒன்றை விரலால் அழுத்தினேன். பூச்சு கிழிந்து, உள்ளிருந்து தெளிந்த தண்ணீர் என் விரல்வழியே வழிந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன்; உப்புக் கரித்தது. அடியிலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல், தான் கரைத்த உப்போடு பூச்சின் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூசிய ஆட்களின்மேல் குற்றமில்லை. சுவரின் ஈரம் உலரும் முன்னர் வாசலை அடைக்கச் சொன்னவன் நான்.

வாசலை அடைக்காமலே தண்ணீரைத் தடுக்கும் மார்க்கம் மணலிலிருந்து பிறந்தது. மணலின் மூலப் பொருளான சிலிக்கானைக் கரிமப் பொருள்களோடு பிணைக்கும் ஆராய்ச்சியை இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்துப் பேராசிரியர் ஃபிரெடெரிக் கிப்பிங், 1899ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நடத்தினார். 'சிலிக்கோன்' என்ற பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவர் அவரே. ஆயினும் பிசுபிசுவென்று படிந்த அந்தப் பொருள்களால் பெரும் பயன் விளையும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை; 1937ஆம் ஆண்டில் வெளியான தம் ராயல் சொஸைட்டிச் சொற்பொழிவில் அந்தத் துறையின் எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கை குன்றியே பேசினார். மூன்றே ஆண்டுகளில், 1940இல், அமெரிக்காவில் யூஜீன் ரோச்சோ அவற்றைப் பெருமளவில் ஆக்குவதற்கான நேர்வழியைக் கண்டுபிடித்தார். யுத்தத்தின் மறுபக்கத்தில் ஜெர்மனியில் ரிச்சர்ட் முல்லரும் தனித்தே அதே வழியை அடைந்தார். சிலிக்கோன் கலந்த பூச்சுகள் செங்கற் சுவர்களுக்கும் கற்சுவர்களுக்கும் நன்றாக உதவின. ஆனால் நெருக்கமான கான்கிரீட்டில் அவற்றின் பெரிய மூலக்கூறுகள் ஆழமாக இறங்காமல் மேற்பரப்பிலேயே நின்றன.

அந்தக் குறையைத் தீர்த்தது சிலேன். இது கட்டடத்துக்கு வருவதற்கு முன் முழு வளர்ச்சி அடையாத சிலிக்கோன் என்று கொள்ளலாம்; மூலக்கூறு மிகச் சிறியது; பார்வைக்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். உலர்ந்த கான்கிரீட்டின்மேல் தெளித்தால் சில மில்லிமீட்டர் ஆழம் வரையில் மயிரிழைத் துளைகளில் இறங்கி, அங்கே உள்ள சிறிதளவு ஈரத்தோடும் காரத்தோடும் கூடி, ஒரு முனையால் துளையின் சுவரைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, எண்ணெய்த் தன்மையுள்ள மறுமுனையைத் துளையின் நடுவே நீட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. கரைவதாக உள்ளே போய்க் கரையாததாக உள்ளே தங்கும் குரோட்டன் சுவரின் தந்திரம் இங்கே பூரணம் பெறுகிறது. துளை திறந்தே இருக்கிறது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியே போகலாம். வெளியே இருக்கும் நீர் மட்டும் நுழையாது. சிலேன் பூசிய கான்கிரீட்டுக்கும் பூசாத கான்கிரீட்டுக்கும் கண்ணால் வேற்றுமை காண இயலாது. இரண்டின்மேலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: பூசாததில் சொட்டு பரந்து, கருத்து, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விடும், பூசியதில் அது தாமரை இலைமேல் நிற்பதுபோல் உருண்டு நிற்கும், விரலால் தட்டினால் ஓடிப்போகும், அது இருந்த இடம் வெளுத்து உலர்ந்தே இருக்கும்.

1981ஆம் ஆண்டில் அமெரிக்க நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டம் வெளியிட்ட 244ஆம் எண் அறிக்கை இந்தத் துறையில் ஒரு மைல்கல். சந்தையில் புழங்கிய இருபதுக்கும் மேற்பட்ட பூச்சுகளைக் கான்கிரீட் கட்டைகளில் பூசி, உப்பு நீரில் ஊறவைத்து, எது எவ்வளவு குளோரைடை உள்ளே விட்டது என்று அளந்து பார்த்தார்கள். நெடுநாள் நம்பிப் பூசிவந்தவற்றில் பல, பூசாத கட்டையைவிட அதிகம் உயர்ந்து நிற்கவில்லை. விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே தேறின. தேறியவற்றில் சிலேனும் ஒன்று. இங்கிலாந்தில் 1972ஆம் ஆண்டு திறந்த பர்மிங்ஹாம் நகரத்து மேம்பாலப் பின்னலில், சாலை உப்பைச் சுமந்த நீர் தள இணைப்புகளின் வழியே ஒழுகிக் கீழேயுள்ள குறுக்கு விட்டங்களைச் சில ஆண்டுகளிலேயே சிதைத்த அநுபவம் அந்த நாட்டாரைக் கலங்கடித்தது. 1990ஆம் ஆண்டில் அந்நாட்டுப் போக்குவரத்து இலாகா, நெடுஞ்சாலைப் பாலங்களின் கான்கிரீட்டுக்குச் சிலேன் ஊட்டுவதற்கான விதிமுறையையே வெளியிட்டது.

சிலேனாலும் ஆகாத காரியம் ஒன்று உண்டு. துளைகளைத் திறந்து வைப்பதால் அது கரியமில வாயுவைத் தடுப்பதில்லை. வாயுவைத் தடுக்க வேண்டிய மாடிக் கட்டடங்களுக்குப் படலம் கட்டும் வர்ணமே வேண்டும். ஆனால் அந்தப் படலம் நீராவியைச் சிறைவைக்கவும் கூடாது. இந்த இரட்டை நிபந்தனைக்கு ஜெர்மானிய அறிஞர் ஹைன்ஸ் கிளாப்ஃபர் அழகான ஓர் அளவுகோல் வகுத்துக் கொடுத்தார். அசையாத காற்று எத்தனை மீட்டர் கனத்துக்கு நின்றால் ஒரு வாயுவுக்கு அந்தப் பூச்சு தரும் தடைக்குச் சமமாகும் என்று கணக்கிடுவது அவருடைய முறை. கரியமில வாயுவுக்கு அது 50 மீட்டருக்குக் குறையக்கூடாது. நீராவிக்கு 4 மீட்டருக்கு மிஞ்சக்கூடாது. கால் மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத ஒரு வர்ணப் படலம், ஒரு வாயுவுக்குப் பெரிய கோயில் கோபுரத்தின் உயரத்துக்குக் காற்றுச் சுவராகவும், மற்றொன்றுக்கு ஓர் அறையின் அகலமாகவும் நடந்துகொள்ள வேண்டும் என்ற அந்தக் கோரிக்கை நிறைவேறவும் செய்தது. இன்று ஐரோப்பியத் தர நிர்ணயத்திலும் ஏறக்குறைய அதே எண்கள்தாம் வழங்குகின்றன.

இவ்வளவும் கிடைத்த பிறகும், நம் கடற்கரை ஊர்களில் நான் பார்க்கும் காட்சி மனத்தை வருத்துகிறது. கம்பிக்கு அடியில் வைக்கவேண்டிய கவர் கட்டை வைக்காமல் கம்பியைச் சென்ட்ரிங் பலகையின்மேலேயே படுக்கவைத்துக் கான்கிரீட் போடுகிறார்கள். பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கவேண்டிய நாள்களில் மூன்றாம் நாளே தளத்தைக் காயவிடுகிறார்கள். பத்தாண்டுகளில் துருக்கறை சுவரில் வழிந்ததும், விலையுயர்ந்த வர்ணத்தை வாங்கி அந்தக் கறையின்மேலேயே அடிக்கிறார்கள். கடலோரத்துக் கான்கிரீட்டில் கம்பியின்மேல் 45 மில்லிமீட்டர் கனம் கான்கிரீட் இருக்க வேண்டும், கடல் நீர் தெறிக்கும் இடத்தில் 50 வேண்டும் என்று நம் நாட்டு விதிநூல் 2000ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கனம் இல்லாத இடத்தில் உலகத்தின் எந்தப் பூச்சும் சில ஆண்டுகள் தவணை வாங்கித் தரலாமே தவிர, அதற்கு மேல் அதனால் ஆகாது. அரை விரல் உயரமுள்ள ஒரு சிமெண்டுக் கட்டையின் விலையைக் கணக்குப் பார்த்து ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பைத் துருவுக்கு ஒப்புக்கொடுப்பதைக் காணும்போது, வீடு கட்டுகிற ஒவ்வொருவரிடமும் போய்க் கைகூப்பிச் சொல்லலாமா என்று தோன்றுகிறது.

முறையாகச் செய்யும் வேலையைப் பார்க்க விரும்புகிறவர்கள் கன்னியாகுமரிக்குப் போகலாம். கடலுக்கு நடுவே, 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் திறந்துவைக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை கருங்கல்லால் ஆனது, கான்கிரீட்டால் ஆனதன்று. ஆனாலும் அதை வருத்தும் உப்புக் காற்றும், அதற்கு இடும் மருந்தும் நம் கதையைச் சேர்ந்தவையே. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சிலையைச் சுற்றிச் சாரம் கட்டுகிறார்கள். முதலில் நல்ல தண்ணீரால் கழுவுகிறார்கள். கற்களின் சந்துகளைச் சுண்ணாம்பும் கருப்பட்டியும் கடுக்காயும் சேர்ந்த கலவையால் நிரப்புகிறார்கள். பிறகு காகிதக் கூழைக் குழைத்துக் கல்லின்மேல் அப்புகிறார்கள். கூழ் காயக் காயக் கல்லின் துளைகளில் தங்கிய உப்பு ஈரத்தோடு வெளியே வந்து கூழில் ஏறிக்கொள்கிறது. காய்ந்த கூழை உரித்தெடுத்து, மீண்டும் கழுவி, கல் நன்றாக உலர்ந்தபிறகே சிலிக்கோன் மருந்தைப் பூசுகிறார்கள். சாரத்தின் ஒரு தட்டில் கடுக்காய் ஊறிய வாளியும், மறு தட்டில் சிலிக்கோன் டப்பாவும் இருக்க, கீழே பாறையில் அலை மோதித் தெறித்த உப்பு நீர் அப்போதும் காற்றில் ஏறி வந்துகொண்டுதான் இருக்கும்.